மார்ஃபின் அலமாரியின் சாவி ராத்திரியில் யாரிடம்?

சென்னையில் நல்ல ஹாஸ்பிஸ் (கடைசிக்கால நோயாளிகளை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் இடம்) எது, சேர்ப்பதற்கு முன்பே அதன் தரத்தை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்கு 67 வயது. கருப்பைவாய்ப் புற்றுநோய் முதுகெலும்புவரை போய்விட்டது. இதுவரை பார்த்த மருத்துவமனை, இனி செய்ய ஒன்றுமில்லை, ஹாஸ்பிஸ் பாருங்கள் என்று டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுத்துவிட்டது. நீங்கள் இரண்டு இடங்களைக் குறித்து வைத்திருக்கிறீர்கள். ஒன்றில் ஏசி அறை, கூகுளில் 4.7 ஸ்டார், நாள் கட்டணம். இன்னொன்று ஊருக்கு வெளியே ஒரு டிரஸ்ட் இலவசமாக நடத்துவது, நாலைந்து ரிவ்யூதான் இருக்கிறது. நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணன் ரேட்டிங் பார்த்து முடிவு செய்யச் சொல்கிறார். கேள்வி அதுதான் என்றாலும், எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் உங்கள் மனசில் இருப்பது வேறு: அங்கே விட்டுவிட்டு வந்தால் ராத்திரி அம்மாவுக்கு வலிக்கும்போது யார் பார்ப்பார்கள்? அப்படி விட்டுவிட்டு வருவதே தப்பா? இரண்டாவதற்கு வெளியாள் பதில் சொல்ல முடியாது. முதலாவதற்கு என்னால் கொஞ்சம் சொல்ல முடியும்.

நான் டாக்டர் இல்லை, நர்ஸ். 11 வருடம் புற்றுநோய் வார்டில் இருந்தேன். பிறகு கோழிக்கோட்டில் 6 வாரம் பாலியேட்டிவ் நர்சிங், அதாவது குணமாக்க முடியாத நோயில் வலியையும் அவஸ்தையையும் தணிக்கும் நர்சிங், பயிற்சி முடித்து, 17 வருடமாக இதே வேலை: பாதி நாள் உள்நோயாளிகள், பாதி நாள் ஹோம் கேர் வண்டியில். சில இடங்களை உள்ளிருந்து பார்த்திருக்கிறேன், பல இடங்களை நோயாளியை அனுப்பிய பிறகு குடும்பத்தார் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்ன இடத்தில் சேருங்கள் என்று பெயர் சொல்லப் போவதில்லை. மாத்தூர் ஜீவோதயா மாதிரி பல வருடமாக இலவசமாக நடக்கும் இடங்கள் சென்னையிலேயே உண்டு, விசாரித்தால் தெரியும். ஆனால் ஹாஸ்பிஸின் தரம் கட்டடத்தோடு ஒட்டியிருப்பதில்லை. நல்ல சிஸ்டர் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனால் ஆறே மாதத்தில் அந்த இடம் வேறாகிவிடும். நான் பார்த்த வருடத்தை வைத்து நீங்கள் போகும் வாரத்துக்கு உத்தரவாதம் தர முடியாது.

ஸ்டார் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அண்ணன் சொல்வதில் அவர் ஊர் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு பணம் தரும் ஹாஸ்பிஸ்களில், இறந்தவரின் குடும்பத்துக்குச் சில மாதம் கழித்துக் கேள்வித்தாள் அனுப்புகிறார்கள். வலிக்கு உடனே உதவி கிடைத்ததா, ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கூப்பிட்டால் வந்தார்களா என்று கேட்டு, பதில்களைத் திரட்டி எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள். நம் ஊரில் அப்படி ஒன்று கிடையாது. இங்கே கூகுளில் எழுதுகிறவர் அநேகமாக மூன்றாம் நாள் காரியம் முடிந்த கையோடு எழுதுகிறார், இல்லையென்றால் பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட வந்த நன்கொடையாளர் எழுதுகிறார். முன்னவர் அழுத கண்ணோடு நன்றி சொல்வார். பின்னவர் பார்த்தது பகல் பன்னிரண்டு மணி. படுத்திருந்தவர் யாரும் எழுதவில்லை. ரிவ்யூவைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு ஸ்டார் போட்டவர்களை மட்டும் படியுங்கள், அதிலும் ‘ராத்திரி’ என்ற சொல் வருகிறதா என்று பாருங்கள்.

ராத்திரி என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல வருடத்துக்கு முன் ஓர் இடத்தில் நாலு மாதம் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம், அந்த நிர்வாகமும் இப்போது இல்லை. துளசி மாடம், மீன் தொட்டி, கூடத்தில் பாட்டு என்று பார்க்க அழகான இடம். ஒரு சனிக்கிழமை ராத்திரி, தொடை எலும்பில் புற்று பரவிய ஒருவருக்கு வலி பிய்த்தெடுத்தது. கடும் வலிக்கான மார்ஃபின் மாத்திரை எட்டடி தூரத்தில் இரட்டைப் பூட்டு அலமாரியில் இருக்கிறது. ஒரு சாவி என்னிடம். இன்னொரு சாவி மேனேஜரிடம். அவர் திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்தில். போன் எடுக்கவில்லை. டாக்டர் போனில் வந்து, பாராசிட்டமால் ஊசி போட்டுச் சமாளியுங்கள், காலையில் பார்க்கலாம் என்றார். சாவி வந்து சேர்ந்தபோது மணி ஐந்தே கால். அந்த மனிதர் கட்டில் கம்பியைப் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன. மறுநாள் அவர் மனைவி வந்து, உங்களைப் பார்த்தா சாமி மாதிரி இருக்கு சிஸ்டர் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ராத்திரி நடந்தது அவருக்குத் தெரியாது. புருஷன் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அதிலிருந்து ஓர் இடத்தைப் பார்க்கப் போனால் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: மார்ஃபின் அலமாரிச் சாவி ராத்திரி பத்து மணிக்கு மேல் யாரிடம் இருக்கும்? நீங்களும் இதையே கேளுங்கள். நல்ல இடத்தில் டூட்டி சிஸ்டர் யோசிக்காமல் பதில் சொல்வார்: ராத்திரி ஷிஃப்ட்டில் இன்னாரிடமும் இன்னாரிடமும், மாற்றும்போது ரெஜிஸ்டரில் எண்ணிக் கையெழுத்துப் போடுவோம் என்பார். சுமாரான இடத்தில், அதெல்லாம் டாக்டர் பார்த்துக்குவார் என்று வரும். சில இடங்களில், மார்ஃபினா, அதெல்லாம் நாங்கள் வைப்பதில்லை என்பார்கள். புற்றுநோய் எலும்புக்குப் போன ஒருவருக்கு இந்த மூன்றாவது வகை இடம் வேண்டாம். நான் தயங்காமல் சொல்லக்கூடிய சில விஷயங்களில் இது ஒன்று.

ஏன் வைப்பதில்லை என்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு மார்ஃபின் வாங்கவும் வைக்கவும் பல துறைகளிடம் தனித்தனி லைசென்ஸ் வேண்டியிருந்தது. எழுத்துப் பிழை இருந்தாலும் சிறை என்ற பயத்தில் மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் அதைக் கைவிட்டன. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நாட்டின் மார்ஃபின் பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு அனுமதியோடு கசகசாச் செடி வளர்த்து உலகத்துக்கே அபின் அனுப்பும் நாட்டில் இப்படி. கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி நிவாரணச் சங்கத்தைச் சேர்ந்த டாக்டர் ராஜகோபால் போன்றவர்கள் வருடக்கணக்கில் போராடி, 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது ஒரு மருத்துவமனையோ ஹாஸ்பிஸோ மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ‘அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்’ என்று ஒரே அனுமதி வாங்கினால் போதும். துறையில் ஆர்.எம்.ஐ. என்போம். ஆகவே, லைசென்ஸ் கிடைப்பதில்லை என்று இன்று ஓர் இடம் சொன்னால், அவர்கள் முயற்சி எடுக்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். இந்தியாவில் பாலியேட்டிவ் சேவைகளுக்கென்று துறைக்காரர்களே வகுத்த குறைந்தபட்சத் தர அளவுகோல் ஒன்று உண்டு, கட்டாயம் என்றும் விரும்பத்தக்கது என்றும் பிரித்திருப்பார்கள். வாய்வழி மார்ஃபின் தடையில்லாமல் கிடைப்பது அதில் கட்டாயப் பக்கத்தில் இருக்கிறது.

மருந்து இருந்தால் மட்டும் போதாது, கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். சாதாரண மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரம்தான் நிற்கும். வலித்தால் கொடுப்போம் என்கிற இடத்தில் நோயாளி ஒரு நாளைக்கு ஆறு தடவை வலித்து, மருந்தைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும், நடுவில் வலி வந்தால் கொடுக்கத் தனியாக ஒரு டோஸ் எழுதி வைத்திருக்க வேண்டும். மார்ஃபின் மலச்சிக்கல் தரும், ஆகவே அதை ஆரம்பித்த அன்றே மலமிளக்கியும் ஆரம்பிக்க வேண்டும். மலமிளக்கி இல்லாமல் மார்ஃபின் எழுதுகிற இடத்தை எங்கள் துறையில் யாரும் மதிக்கமாட்டார்கள். உங்கள் அம்மா விஷயத்தில் இன்னொன்று: கருப்பைவாய்ப் புற்றுநோய் சிறுநீர்க் குழாயை அழுத்திச் சிறுநீரகத்தைக் கெடுப்பது சகஜம். சிறுநீரகம் சரியில்லாதவர் உடம்பில் மார்ஃபின் தேங்கும். ஆகவே நல்ல டாக்டர், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் எவ்வளவு என்று கேட்டுவிட்டு, தேவைப்பட்டால் டோஸைக் குறைப்பார், இடைவெளியைக் கூட்டுவார், இல்லை ஃபென்டனில் ஒட்டுப்பட்டை போன்ற வேறு மருந்துக்குப் போவார். எல்லோருக்கும் ஒட்டுப்பட்டை என்கிற இடமும், மார்ஃபினைவிட லேசான ட்ரமடாலோடு நிற்கிற இடமும் எனக்கு ஒன்றுதான். மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்று அங்கே வேலை செய்கிறவரே சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சரியான அளவில் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்த மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. இதில் எங்களுக்குள் இரண்டு கருத்து கிடையாது.

எலும்பு வலிக்கு ஒரே ஒரு முறை கதிர்வீச்சு கொடுத்தாலே பலருக்கு நல்ல குறைவு தெரியும். திடீரென்று கால் மரத்து நடக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ தண்டுவடம் அழுந்துகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும், அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆகவே இப்படிக் கேளுங்கள்: எந்த நிலைமையில் நீங்கள் அம்மாவைத் திரும்பப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீர்கள்? எதற்குமே அனுப்பமாட்டோம் என்பவர்களும் சரியில்லை, மூச்சு லேசாக வாங்கினாலே ஆம்புலன்ஸ் கூப்பிடுகிறவர்களும் சரியில்லை.

நேரில் போய்ப் பார்ப்பது அவசியம். சொல்லிவிட்டு ஒரு தடவை, சொல்லாமல் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு தடவை. போனால் அறையைப் பார்க்காதீர்கள், படுத்திருப்பவர்களின் வாயைப் பாருங்கள். கேட்க விநோதமாக இருக்கும். கடைசி வாரங்களில் நோயாளிக்கு வாய் உலர்ந்து, நாக்கு வெடித்து, வெள்ளை படியும். நாளுக்கு நாலைந்து தடவை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சை நனைத்துத் துடைத்தால்தான் வாய் சுத்தமாக இருக்கும். அதற்கு மெஷின் கிடையாது, யாராவது உட்கார்ந்தே ஆக வேண்டும். உதடு ஈரமாக, வாசலின் தடவி இருந்தால் அங்கே ஆள் உட்காருகிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். தண்ணீர் டம்ளரும் அழைப்பு மணியும் கைக்கு எட்டுகிறதா, இல்லை ஜன்னல் கட்டையில் அழகாக அடுக்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். உடம்பு துடைக்கும்போது திரை இழுக்கிறார்களா, யாருடைய கையாவது கட்டிலோடு கட்டியிருக்கிறதா என்பதும் முக்கியம்.

அடுத்தது வாடை. உங்கள் அம்மாவின் நோயில் ரத்தப்போக்கும் துர்நாற்றமான கசிவும் வரலாம், வந்தால் அவர் வெட்கத்தில் சுருங்கிப் போவார், பேரனைக்கூடப் பக்கத்தில் வர விடமாட்டார். ஃபினாயிலும் ஊதுவத்தியும் சேர்ந்து மூக்கைத் துளைத்தால், அடியில் எதையோ மறைக்கிறார்கள் என்று எனக்குப் படும். வாடையை மறைக்க வேண்டியதில்லை, குறைக்க முடியும். மெட்ரோனிடசோல் மாத்திரையைத் தூளாக்கிப் புண்ணின் மேல் தூவுவது சில ரூபாய்ச் செலவில் முடியும் வைத்தியம். இரண்டு மூன்று நாளில் வித்தியாசம் தெரியும். புண் நாற்றத்துக்கு என்ன செய்வீர்கள் என்று சிஸ்டரிடம் கேளுங்கள். அவர் முகம் சுளிக்காமல், சமையல் குறிப்பு சொல்கிற மாதிரிச் சொன்னால் கைதேர்ந்தவர்.

கேஸ் ஷீட்டை உங்களிடம் காட்டமாட்டார்கள், காட்டவும் கூடாது, அது இன்னொருவருடையது. ஆனால் வலியை எப்படிக் குறிக்கிறீர்கள் என்று கேட்டு, வெற்றுப் படிவத்தைக் காட்டச் சொல்லலாம். பூஜ்யத்திலிருந்து பத்துவரை எண் போட்டு ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் எழுதுவது வழக்கம். பின்னால் அம்மா சேர்ந்த பிறகு அவருடைய தாளைப் பாருங்கள். நாள் முழுக்க 2, 2, 2, 2 என்று ஒரே மையில் ஒரே சாய்வில் இருந்தால், ஷிஃப்ட் முடியும்போது உட்கார்ந்து எழுதியது. நிஜமான வலி அப்படி நேர்கோட்டில் போகாது. ராத்திரி இரண்டு மணிக்கு 7 என்றும் மூன்று மணிக்கு 3 என்றும் எழுதியிருந்தால் பயப்படாதீர்கள், யாரோ விழித்திருந்து ஏதோ செய்திருக்கிறார்கள்.

ஆள் பலம் பற்றியும் கேட்கத்தான் வேண்டும், ஆனால் இத்தனை நோயாளிக்கு இத்தனை நர்ஸ் என்று ஒரு எண்ணை வைத்துக்கொண்டு நல்லது கெட்டது சொல்ல முடியும் என்று நான் நம்பவில்லை. பத்துப் பேருக்கு ஒரே சிஸ்டர் இருந்து அருமையாக நடந்த வார்டும் தெரியும், நாலு பேருக்கு ஒருவர் இருந்து எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்த இடமும் தெரியும். ராத்திரியில் இருப்பவர் நர்சிங் படித்தவரா, இல்லை ஆயாவை வெள்ளைக் கோட் போட்டு உட்கார வைத்திருக்கிறார்களா, டாக்டருக்கும் நர்சுக்கும் பாலியேட்டிவ் பயிற்சி எங்கே எத்தனை நாள் என்பவற்றைக் கேளுங்கள். ஆயாக்களைக் குறைத்துச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து நோயாளி சாகப் போகிறார் என்பதை முதலில் கண்டுபிடிப்பவர்கள் அவர்கள்தான். ஆனால் மருந்து தொடும் உரிமை அவர்களுக்கு இல்லை.

நீங்கள் கேட்பதைவிட அவர்கள் கேட்பதைக் கவனியுங்கள். முதல் சந்திப்பில் ஆதார், அட்வான்ஸ், இன்சூரன்ஸ் என்று மூன்றும் முடிந்து அம்மாவைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை என்றால், அங்கே போய் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நல்ல இடத்தில் கேட்பார்கள்: எத்தனை மணிக்குத் தூங்குவார், மலம் போய் எத்தனை நாள் ஆகிறது, எதற்கு ரொம்பப் பயப்படுகிறார், காபியா டீயா, வீட்டில் அவரை எப்படிக் கூப்பிடுவீர்கள், முடிவு எடுப்பது நீங்களா அண்ணனா, உங்களுக்குள் ஒத்துப்போகிறதா. கடைசிக் கேள்வி வம்பு இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளை வந்து இறங்கிய அன்று ஐசியூவில் போடுங்கள் என்று கத்துவது வாராவாரம் நடக்கிறது. அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே, வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்று அவர் விருப்பத்தை எழுதி வைக்கலாம். 2018-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி திறந்தது. 2023-இல் அதை எளிமையாக்கி, இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திட்டு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று வாங்கினால் போதும் என்றது.

அம்மாவுக்கு என்ன நோய் என்று அம்மாவுக்குத் தெரியுமா? நீங்கள் எழுதவில்லை, ஆகவே தெரியாது என்றே நினைக்கிறேன். நம் வீடுகளில் அப்படித்தான். அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சிஸ்டர் என்று என் காதில் சொன்னவர்களின் அப்பாக்கள், பிள்ளைங்ககிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லிடாதீங்கம்மா என்று மறுநாள் என் காதில் சொல்லியிருக்கிறார்கள். இந்த இடத்தில் ஒரு ஹாஸ்பிஸ் எப்படி நடந்துகொள்கிறது என்பது பெரிய அளவுகோல். நீங்கள் சொன்னபடி நாங்கள் மறைத்துவிடுகிறோம் என்பதும் தப்பு, வந்த அன்றே நாங்கள் சொல்லிவிடுவோம் என்பதும் தப்பு. நாங்களாகப் போய்ச் சொல்லமாட்டோம், அவர் கேட்டால் பொய் சொல்லமாட்டோம், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று மெதுவாக விசாரிப்போம் என்பதுதான் நான் பழகிய வழி. இதில் அனுபவஸ்தர்களுக்குள்ளேயே வேறுபாடு உண்டு, என் வழிதான் சரி என்று சாதிக்கமாட்டேன்.

ட்ரிப்ஸ் விஷயமும் அப்படித்தான் கிட்டத்தட்ட. சாப்பாடு நின்றதும் குளுக்கோஸாவது ஏற்றுங்கள் என்று குடும்பம் கேட்கும். கடைசி நாட்களில் அது பெரும்பாலும் பசியையும் தாகத்தையும் தீர்ப்பதில்லை. கை கால் வீங்கவும், தொண்டையில் சளி கரகரக்கவும் செய்யலாம். ஆனால் சிலருக்குச் சில நாள் பயன்படுகிறது, எப்போது யாருக்கு என்பதில் ஆராய்ச்சிகளே திட்டவட்டமாக இல்லை. ஆகவே ஏற்றுவார்களா மாட்டார்களா என்பதைவிட, கேட்டால் உட்கார வைத்து விளக்குவார்களா என்று பாருங்கள். பட்டினி போட்டே கொன்னுட்டோமே என்று பத்து வருடம் கழித்தும் அழுகிற மகள்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு யாரும் விளக்கவில்லை.

என் கண் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்துவிடுவீர்கள். ஒரு தடவை ஒரு டிரஸ்ட் நடத்தும் இடத்துக்கு நோயாளியை அனுப்பலாமா என்று பார்க்கப் போனேன். யூனிஃபார்ம் யாரும் போடவில்லை. டிவியில் கிரிக்கெட் அலறிக்கொண்டிருந்தது. வெராண்டாவில் நுரையீரல் புற்றுநோய்க்காரர் ஒருவர் ஜம்மென்று பீடி குடிக்கிறார், தூறல் விழாமல் ஆயா குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு வந்த கோபத்தில் ரிஜிஸ்டர்கூடப் பார்க்காமல் திரும்பிவிட்டேன். ஒரு வருடம் கழித்து வேறு வழியில்லாமல் ஒரு அம்மாளை அங்கே அனுப்ப வேண்டி வந்தது. அந்த அம்மாளுக்கு அங்கே ஒரு நாள்கூட வலி 3-ஐத் தாண்டவில்லை, இறந்து மூன்றாவது வாரம் அங்கிருந்து ஒரு சிஸ்டர் அவர் மகனுக்குப் போன் செய்து, சாப்பிடுறியாப்பா, தூங்குறியா என்று விசாரித்திருக்கிறார். பீடி குடித்தவருக்கு அப்போது ஒரு வாரம்தான் பாக்கி இருந்தது என்பதும் பிறகுதான் தெரிந்தது.

அந்தப் போன் விஷயத்தை நீங்களும் கேட்கலாம்: இறந்த பிறகு குடும்பத்தோடு தொடர்பு வைத்திருப்பீர்களா? அதோடு, இங்கே வந்து வலி அடங்கித் திரும்பி வீட்டுக்குப் போனவர்கள் உண்டா என்றும் கேளுங்கள். நல்ல ஹாஸ்பிஸிலிருந்து ஆட்கள் வீட்டுக்கும் போவார்கள். ஒருவர்கூடப் போனதில்லை என்றால் அவர்கள் காத்திருக்க மட்டும்தான் இடம் கொடுக்கிறார்கள்.

இது வீட்டுப் பராமரிப்பைப் பற்றிய பேச்சுக்கு வந்துவிட்டது. ஹாஸ்பிஸ் என்றாலே கட்டடம் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. வீட்டில் ஒரு ஆள் கூடவே இருக்க முடியும், அம்மாவுக்கும் வீட்டில் இருக்கவே ஆசை என்றால், வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை வரும் ஹோம் கேர் டீமோடு வீட்டிலேயே கடைசிவரை வைத்துக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீட்டுக்கே வரும் பாலியேட்டிவ் சேவை உண்டு. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். நடைமுறை பகுதிக்குப் பகுதி மாறுகிறது, சில இடத்தில் நர்ஸ் தவறாமல் வருவார், சில இடத்தில் நீங்கள் நாலு தடவை போய் நிற்க வேண்டியிருக்கும். எந்த ஹோம் கேர் என்றாலும் சேருவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள்: அவர்கள் கொடுத்த எண்ணுக்கு ஞாயிறு ராத்திரி ஒன்பதரைக்கு மேல் ஒரு தடவை கூப்பிடுங்கள். எடுத்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு வையுங்கள்.

காசு, காகிதம் பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்க வேண்டும். கட்டண இடம் என்றால் டயப்பர், மருந்து, ஆக்சிஜன் எல்லாம் சேர்த்தா தனியா, முன்பணம் கட்டி இரண்டே நாளில் இறந்தால் மீதி திரும்புமா என்று எழுத்தில் வாங்குங்கள். இலவச இடம் என்றால் ஜெபம், பூஜை என்று எதையும் திணிக்கிறார்களா என்று கேட்பதில் தப்பில்லை. அருமையாக நடத்தும் கிறிஸ்துவ, இந்து அமைப்புகள் இரண்டுமே உண்டு, அம்மா நெற்றியில் விபூதி இருப்பது யாருக்கும் உறுத்தக் கூடாது, அவ்வளவுதான். குடும்பத்தில் ஒருவர் ராத்திரி தங்கலாமா என்பது முக்கியம். வீட்டில் இறந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு மரணச் சான்று எந்த டாக்டர் தருவார் என்று ஹோம் கேரிடம் முன்பே கேட்டு வையுங்கள். மயானத்திலும் கேட்பார்கள், 21 நாளுக்குள் பதிவு செய்யவும் வேண்டும். இம்யூனிட்டி ட்ரிப்ஸ், ஸ்டெம் செல் என்று ஏதாவது விற்றால் அது ஹாஸ்பிஸ் இல்லை.

உங்கள் இரண்டு இடங்களில் எது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஏசி இடம் சிறப்பாகவும் இருக்கலாம், டிரஸ்ட் இடத்தில் மார்ஃபினே இல்லாமலும் இருக்கலாம். இரண்டிலும் சாவிக் கேள்வியைக் கேட்டுவிட்டு வாயைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆனால் அதற்கு முன் ஒன்று. கேள்வியின் கடைசி வரியில், அம்மா ட்ரமடால்தான் சாப்பிடுகிறார், மூன்று ராத்திரியாகத் தூங்கவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இடம் தேடி முடிக்க ஒரு வாரம் ஆகும். அதுவரை அவர் இப்படி இருக்க வேண்டியதில்லை. நாளைக் காலையில், சிகிச்சை தந்த அதே மருத்துவமனையிலோ அருகில் உள்ள பெரிய அரசு மருத்துவமனையிலோ பாலியேட்டிவ் ஓபி இருக்கிறதா என்று கேட்டுப் போங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ரத்தப் பரிசோதனை, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவை அழைத்துப் போக முடியாவிட்டாலும் பல இடங்களில் குடும்பத்தாரிடம் பேசி மருந்து எழுதித் தருவார்கள். இன்று ராத்திரி ஒரு தாளில், எத்தனை மணிக்கு வலித்தது, எங்கே, பத்துக்கு எவ்வளவு என்று அவரையே சொல்லச் சொல்லி எழுதுங்கள். கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் சரியாகப் போகிறதா என்றும் கேட்டுவிடுங்கள். ஆமாம் மரத்துப்போகிறது, சிறுநீர் வரவில்லை என்று ஏதாவது சொன்னால் காலைவரை காத்திருக்காமல் இன்றைக்கே எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள்.